குப்புறக் கிடந்த கல்

காலி என்னும் நகரத்தைப் பற்றி நான் முதன்முதலிற் கேள்விப்பட்டது என் தந்தையாரிடமிருந்துதான். 1950களில் அவர் அந்நகரத்து அரசாங்க அலுவலகம் ஒன்றில் எழுதுவினைஞராக இருந்தார். சம்பளத்தின் பெரும் பகுதியை மணியோடரில் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிவிட்டு, எஞ்சியதைக் கொண்டு நான்கு பேருடன் ஓர் அறையிற் படுத்து, முறைவைத்துச் சமைத்துண்டு காலங்கழித்த எழுதுவினைஞர் கூட்டத்தில் அவரும் ஒருவர். நான் பிறந்தது 1956ஆம் ஆண்டு. சிங்களமே இந்நாட்டின் ஒரே அரசகரும மொழி என்ற சட்டம் பிறந்ததும் அந்த ஆண்டிலேதான். சில ஆண்டுகள் கழிந்தபின், சிங்களப் பரீட்சையிற் சித்தியெய்த வேண்டும் என்ற கட்டளை அவருக்கு வந்தது. அவர் பரீட்சை மண்டபத்துக்குப் போகவில்லை. முதலிற் சம்பள உயர்ச்சி நின்றது. பிறகு உத்தியோகமும் நின்றது. நாற்பது வயது நிரம்புமுன் ஒரு தகரப் பெட்டியுடன் ஊர் திரும்பியவர், இறக்கும்வரை புகையிலைத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்தார்.

காலியைப் பற்றி அவர் பேசுவது அரிது. பேசினால் இரண்டே விஷயங்கள்தாம். ஒன்று கடல். "இங்கத்தைக் கடல் மாதிரியில்லைத் தம்பி. ஆனி ஆடியிலை மனிசரை நித்திரை கொள்ள விடாது" என்பார். மற்றது ஒரு கல். "அங்கை ஒரு மதகுக்கு மூடியாய்க் கிடந்த கல்லு. வெட்டி ஐஞ்ஞூறு வருசத்துக்கு மேலை. அதிலை எங்கடை எழுத்து இருக்கு." இதைச் சொல்லும்போது மட்டும் அவருடைய முதுகு நிமிரும். உன் மொழிக்கு இங்கே இடமில்லை என்று எந்த நகரத்திலே அவருக்குச் சொல்லப்பட்டதோ, அந்நகரத்தின் மண்ணே தமிழைத் தன் வயிற்றில் வைத்திருந்தது என்பது அவருக்குக் கிடைத்த ஒரே நியாயம்.

பிற்காலத்தில் நான் ஆசிரியனானேன். வரலாறு படிப்பித்தேன். தந்தையாரின் கல் என் வகுப்பறைக்கும் வந்தது. விழா மேடைகளுக்கும் வந்தது. "காலியிலே தமிழ்க் கல்வெட்டு!" என்று நான் சொல்லும்போதெல்லாம் மாணவர் கைதட்டினர். அக்கல்லில் வேறென்ன எழுதியிருக்கிறது என்று எந்த மாணவனும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. தமக்கு வேண்டிய வரியை மட்டும் வரலாற்றிலிருந்து கிழித்தெடுக்கும் பழக்கம் மற்றவர்களுக்கே உரியது என்று அப்போது நான் நம்பியிருந்தேன்.

2002ஆம் ஆண்டு, போர் ஓய்ந்திருந்த மாதங்களில், கொழும்பில் நடந்த ஆசிரியர் கூட்டமொன்றில் ஒரு நண்பர் எனக்குக் கிடைத்தார். காலிக்கு அருகிலுள்ள கிராமத்தவர். சிங்கள இலக்கியம் கற்பித்தவர். என்னிலும் மூன்று வயது மூத்தவர். என்னை 'மல்லி' என்று அழைத்துத் தம்மை 'அய்யா' என்று அழைக்கச் சொன்னார். முதற் பழக்கத்திலேயே மரியாதை கேட்கிறாரே என்று எனக்குச் சிறிது கசந்தது. சிங்களத்தில் 'அய்யா' என்றால் தமையன், 'மல்லி' என்றால் தம்பி என்பதைப் பின்னரே அறிந்து வெட்கினேன். போர் மீண்டும் மூண்டபோது கடிதங்கள் நின்றன. 2009இற்குப் பின் முதற் கடிதத்தை எழுதியவர் அவர்தான். தபாலட்டையொன்றில், கோணல்மாணலான தமிழெழுத்தில், "நலமா தம்பி" என்ற இரண்டே சொற்கள். அதன் பின்னரே, ஐம்பது வயதைத் தாண்டிய நான், குழந்தைகளின் அரிச்சுவடியை வாங்கிவைத்துக்கொண்டு சிங்களம் படிக்க உட்கார்ந்தேன். கட்டளையாக வந்தபோது என் தந்தையார் மறுத்த மொழியை, கடிதமாக வந்தபோது நான் ஏற்றேன்.

அந்நண்பரின் அழைப்பின் பேரில் சென்ற மாசி மாதத்திற் காலிக்குப் புறப்பட்டேன்.

கொழும்புக் கோட்டையிலிருந்து தெற்கே செல்லும் புகையிரதப் பாதை காலியை எட்டியது 1894ஆம் ஆண்டு. வலப்பக்க யன்னலோரம் இடம் கிடைத்தவன் பாக்கியசாலி. பல இடங்களிற் கடலுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே ஒரு வரிசைத் தாழையும் சில கருங்கற்களும் மட்டுமே. பெட்டி நிறைய வெளிநாட்டுப் பயணிகள். வாசற்படியிலே தொங்கிக்கொண்டு கடலைப் படம் எடுத்தார்கள். அம்பலாங்கொடையைக் கடந்து ஹிக்கடுவையை நெருங்கும்போது என் எதிரே இருந்த வயோதிபப் பெண்மணி கைகூப்பினார். அந்த இடம் பேரலிய. 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் திகதி இவ்விடத்திலேதான் கடல் ஒரு புகையிரதத்தை வாரியெடுத்தது. முதலலை வந்து நீர் ஏறியதும் வண்டி நின்றது. அயலிலுள்ள சனங்கள், இரும்புப் பெட்டி காக்கும் என்று நம்பி, அதில் ஏறினார்கள்; பிள்ளைகளையும் ஏற்றினார்கள். அடுத்த அலை பெட்டிகளைப் புரட்டியடித்தது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் அங்கு மாண்டனர். உலகம் கண்ட புகையிரத அனர்த்தங்களுள் இதைவிடக் கொடியது இல்லை என்பர்.

கடலின் சீற்றத்தை மட்டும் குறைகூறி இவ்விடத்தைக் கடந்துவிட முடியாது. இக்கரையோரத்தில் நெடுங்காலமாகப் பவளப்பாறைகளை உடைத்துச் சூளையில் இட்டுச் சுண்ணாம்பு எரித்து வந்தனர். சட்டம் தடைசெய்த பின்னரும் அத்தொழில் களவாக நடந்தது. கடற்கோளின் பின் இக்கரையை ஆராய்ந்த அறிஞர்கள் ஒன்றைக் கண்டனர். பவளப்பாறை காக்கப்பட்டிருந்த ஹிக்கடுவையில் அலை சில பத்து மீற்றர் தூரமே உட்புகுந்தது. அங்கிருந்து சில கிலோமீற்றர் வடக்கே, பாறை அகழப்பட்டிருந்த பேரலியவில் ஒன்றரைக் கிலோமீற்றர் வரை பாய்ந்தது. பாறையை உடைத்தவன் கடப்பாரையொன்றைத் தவிர வேறு சொத்தில்லாத ஏழை. சுண்ணாம்பு போனது நாடெங்கும் எழுந்த மாடிகளுக்கு. அலை வந்தபோது மாடிகள் தூரத்தில் இருந்தன. கடப்பாரை பிடித்தவனுடைய குடிசையே கரையில் இருந்தது.

காலிப் புகையிரத நிலையத்திற் பெயர்ப்பலகை மூன்று மொழிகளில் இருந்தது. நடுவிலே தமிழ். நண்பர் அதன் கீழே நின்றுகொண்டிருந்தார். தமிழும் ஓர் அரசகரும மொழி என்று 1987ஆம் ஆண்டுத் திருத்தம் சொன்னது. அதற்கு முன் சிந்தியது எவ்வளவு, அதன் பின்னும் எழுத்தில் மட்டும் இருப்பது எவ்வளவு என்பதை வாசகர் அறிவர். 1958ஆம் ஆண்டு தெற்கிலே தமிழெழுத்துக்குத் தார் பூசினார்கள். வடக்கிலே நம்மவர்கள் வாகனங்களிலிருந்த சிங்கள எழுத்துக்குத் தார் பூசினார்கள். தார் என்னவோ ஒரே தார்தான். அந்தத் தார்வாளிகளைத் தூக்கியவர்களும் பெரும்பாலும் என் வயது மாணவர்களைப் போன்ற இளைஞர்களே; அவர்கள் கையிற் கொடுத்தவர்கள் வேறு.

கோட்டைக்குட் சென்றோம். 1505இற் கரையேறிய போர்த்துக்கேயர் 1588இல் இவ்விடத்தில் அரண் அமைத்தனர். 1640இல் ஒல்லாந்தர் போரிட்டு அதைக் கைப்பற்றி, கருங்கல்லும் பவளக்கல்லும் கொண்டு இன்று நாம் காணும் பெருமதில்களை எழுப்பினர். 1796இல் ஆங்கிலேயர் சண்டையின்றியே பெற்றுக்கொண்டனர். பழைய வாயிலின் உட்புறத்தில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் மூன்றெழுத்து முத்திரை, இரு சிங்கங்கள், மேலே ஒரு சேவல், 1669 என்ற ஆண்டு ஆகியன செதுக்கப்பட்டிருக்கின்றன. வெளிப்புறத்தில் ஆங்கிலேய முடியின் இலச்சினை. ஒரே வாயிலுக்கு உள்ளே ஒரு கொள்ளைக்காரன் பெயர். வெளியே இன்னொருவன் பெயர்.

மதிலின் மேல் நடந்தோம். சூரியன், சந்திரன், நட்சத்திரம் என்று பெயரிட்ட கொத்தளங்கள். தென்கிழக்கு மூலையில் 1939இற் கட்டிய வெண்ணிற வெளிச்ச வீடு. அதனருகே மீரான் ஜும்மாப் பள்ளிவாசல். தூரத்திலிருந்து பார்த்தால் கிறிஸ்தவ தேவாலயமோ என்று எண்ணத் தோன்றும். உள்ளே, 1755இல் எழுந்த ஒல்லாந்தர் தேவாலயத்தின் தளமெங்கும் கல்லறைப் பலகைகள். கம்பனியின் அதிகாரிகள், அவர்தம் மனைவியர், பிறந்தவுடன் இறந்த குழந்தைகள் ஆகியோரின் பெயர்கள் அவற்றில் அழகாக வெட்டப்பட்டுள்ளன. மண்ணுக்கடியிலே, கடலின் வற்றுப்பெருக்கே நாளுக்கிருமுறை கழுவிச் செல்லும்படி அமைத்த கழிவுநீர்க் கால்வாய்கள். அவற்றின் திறமையை வழிகாட்டிகள் எல்லாரும் வியந்துரைத்தனர்.

வியக்கத்தக்கவைதாம். ஆயின் அந்தக் கால்வாயை வெட்டிய கை எது? கருங்கல்லைச் சுமந்த தோள் எது? கம்பனி இந்தியக் கரைகளிலிருந்தும் கீழைத் தீவுகளிலிருந்தும் அடிமைகளைக் கொண்டுவந்தது. இந்நாட்டு மன்னரின் இராசகாரிய முறையையும் கைவிடாமல், சலாகம குலத்தாரைக் காட்டுக்கு விரட்டிக் கறுவாப் பட்டை உரிக்க வைத்தது. அவர்களுடைய பெயருடன் ஒரு பலகையையும் நான் அத்தேவாலயத்திற் காணவில்லை. 1988ஆம் ஆண்டு இக்கோட்டை உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்டது. இன்று அதன் வீடுகளிற் பல, விடுதிகளாகவும் நகைக்கடைகளாகவும் மாறிவிட்டன. தலைமுறை தலைமுறையாக அங்கு வாழ்ந்த சிங்களக் குடும்பங்களும் சோனகக் குடும்பங்களும் ஒவ்வொன்றாக விற்றுவிட்டு வெளியேறுகின்றன. கொடிமரப் பாறையிலிருந்து இளைஞர் சிலர் கீழே, பாறைகளுக்கிடையிலுள்ள ஆழமான நீரிற் குதிக்கிறார்கள்; பார்ப்பவர்கள் காசு கொடுக்கிறார்கள். "என் மாணவன்" என்று நண்பர் ஒருவனைக் காட்டினார். அவன் எங்களைக் கண்டதும் குதிக்காமல் நின்றுவிட்டான்.

மதிலில் நின்று பார்த்தால் ஒருபுறம் பழைய துறைமுகம். கொழும்பில் அலைதாங்கி கட்டி முடிந்த 1885இன் பின்னர் பெருங் கப்பல்கள் காலியை மறந்தன. மறுபுறம் புதுநகரமும் கிரிக்கெட் மைதானமும் பஸ் நிலையமும். கடற்கோளன்று இந்த மதில் உள்ளிருந்தோரைப் பெரும்பாலும் காத்தது. வெளியே பஸ் நிலையத்தில் நின்ற ஏழைச் சனத்தை அலை அள்ளிக்கொண்டு போயிற்று. கம்பனிக்காகக் கட்டிய மதில், முந்நூறாண்டுகள் கழிந்த பின்னும், உள்ளே யார் வெளியே யார் என்று பிரித்தே வைத்திருந்தது.

பிறகு நான் வந்த காரியத்துக்குப் போனோம். கிரிப்ஸ் வீதி திரும்புமிடம். 1911ஆம் ஆண்டு இங்கேதான், ஒரு மதகின் மூடுகல்லாக, எழுத்துள்ள முகம் மண்ணைப் பார்க்கக் குப்புறக் கிடந்த அக்கல் கண்டெடுக்கப்பட்டது. இப்போது அது கொழும்பு நூதனசாலையில் நிற்கிறது. புறப்படுமுன் அங்கே சென்று அதன் முன்னே நெடுநேரம் நின்றிருந்தேன். இவ்விடத்திலோ முச்சக்கர வண்டிகள், ஒரு பழக்கடை, பாடசாலை விட்டுச் செல்லும் பிள்ளைகள். என் தந்தையார் தினமும் அலுவலகத்துக்கு நடந்த வழி இதுவாகவும் இருக்கலாம்.

நண்பருக்குக் கல்லின் வரலாற்றைச் சொன்னேன். சீனப் பேரரசனின் கடற்படைத் தலைவன் செங் ஹோவின் கப்பல்களில் வந்த கல் அது. சீனத்திலேயே வெட்டியது, 1409ஆம் ஆண்டைச் சேர்ந்தது. சீனம், தமிழ், பாரசீகம் என்னும் மூன்று மொழிகள் அதில் உள்ளன. சீன மொழி புத்தபிரானைப் போற்றிக் காணிக்கைகளைப் பட்டியலிடுகிறது. தமிழ், தெனாவரை நாயினார் என்னும் தெய்வத்தைப் போற்றுகிறது. தெவிநுவரையிற் கோயில் கொண்டிருந்த திருமால் அவர். பெரிதும் தேய்ந்துபோன பாரசீகப் பகுதி இஸ்லாமியரின் இறைவனைப் போற்றுகிறது. பொன் ஆயிரம், வெள்ளி ஐயாயிரம், பட்டு, எண்ணெய், தூபக்கலங்கள் என்று மூன்று சமயத்துக்கும் ஏறத்தாழ ஒரே அளவான காணிக்கை. ஒரு தெய்வத்துக்குக் கூட்டி, மற்றதற்குக் குறைக்கவில்லை.

நான் சொல்லி முடித்தபோது என் முதுகும் தந்தையாருடைய முதுகைப்போல நிமிர்ந்திருந்தது போலும். நண்பர் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு மிக மெதுவாக, "மல்லி, அதிலே எங்கள் மொழி இல்லையா?" என்று கேட்டார்.

இல்லை. அக்கல்லிற் சிங்களம் இல்லை.

இந்த உண்மை எனக்குத் தெரியாததன்று. மேடைகளில் நான் சொல்லாமல் விட்டது அதைத்தான் என்றும் சொல்லலாம். இதையே எதிர்த்தரப்பு வாதியின் முகத்தில் எறிவதற்கென்று நான் ஒரு காலத்தில் மடியில் வைத்திருந்தேன். அன்று என் எதிரே நின்றவர் வாதி அல்லர். தம் ஊரிலே, தம் துறைமுகத்திலே கிடைத்த கல்லிலே, மூன்று மொழிகள் இருந்தும் தம் தாய்மொழி மட்டும் இல்லை என்று கேள்விப்பட்ட ஒரு முதிய ஆசிரியர். அவருடைய குரலில் இருந்தது கோபமன்று. இடமில்லை என்று சொல்லப்பட்டவனுடைய குரல் அது. அந்தக் குரலை நான் அறிவேன். எங்கள் வீட்டு முற்றத்திற் பல ஆண்டுகள் கேட்டிருக்கிறேன்.

அன்று அவருக்கு நான் மறுமொழி சொல்லவில்லை.

மறுநாட் காலை பஸ்ஸேறித் தெற்கே போனோம். உனவட்டுனைக் குடாவிற் கடல் கண்ணாடியைப்போலக் கிடந்தது; கரையெல்லாம் சாய்வு நாற்காலிகள். அதற்கப்பால், அகங்கமைப் பக்கத்திற் கடலுக்குள்ளே நாட்டிய கம்பங்களிற் குறுக்குத் தடி கட்டி, அதன்மேல் அமர்ந்து தூண்டில் போடுவோரைக் கண்டோம். இவர்களுடைய படம் இல்லாத சுற்றுலா விளம்பரம் இந்நாட்டில் இல்லை. இரண்டாம் உலகப் போர்க்கால உணவு நெருக்கடியிற் கரையில் இடமில்லாமற் கடலுக்குள் இடம் தேடியவர்கள் தொடங்கிய முறை இது என்று கூறப்படுகிறது. நாங்கள் இறங்கிப் பார்த்தபோது கம்பத்தில் இருந்தவர்கள் கடலைப் பார்க்கவில்லை, கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். படம் எடுப்பவரிடம் பணம் வாங்க ஒருவர் கரையில் நின்றார். மீன் விற்று வரும் காசைவிட, மீன் பிடிப்பதுபோல இருப்பதற்கு வரும் காசு அதிகம் என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். நமக்குச் சிரிப்பு வரவில்லை. உழைப்பைப் படமாக்கி விற்கும் சந்தை, உழைப்பாளியை நடிகனாக்கிவிட்டது.

கொக்கலையில் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த வீட்டுக்குப் போனோம். எம். எம். உவைஸ் 'கிராமப் பிறழ்வு' என்ற பெயரில் தமிழாக்கிய 'கம்பெரலிய' நாவலின் ஆசிரியர் அவர். போர்க்காலத்தில் ஆங்கிலேயர் கொக்கலையில் விமானத் தளம் அமைப்பதற்காகக் கிராமத்தவரை உடனே வெளியேறச் சொன்னார்கள். வீடுகள் இடிந்தன, இவ்வீடு தப்பிற்று. 1942 சித்திரை 4ஆம் திகதி யப்பானியக் கடற்படை வருவதைக் கண்டுபிடித்த விமானம் இங்குள்ள வாவியிலிருந்து எழுந்ததுதான். அச்செய்தியை வரலாற்று நூல்கள் சொல்கின்றன. மூட்டை முடிச்சுடன் நடந்த சனங்களைச் சொல்வதில்லை. வீட்டையடுத்த நாட்டார் நூதனசாலையிற் கலப்பைகளும் மீன்பிடிக் கருவிகளும் பாவைகளும் முகமூடிகளும் இருக்கின்றன. கலப்பையையும், தேங்காய் துருவும் திருவலையையும் பார்த்தேன். எங்கள் பாட்டனாரும் பாட்டியாரும் எழுந்துபோன இடத்தில் அவற்றை வைத்துவிட்டுப் போனதுபோல இருந்தது. வெளியே வந்தபோது, 1991இற் கொக்கலையிலே திறந்த சுதந்திர வர்த்தக வலயத்திலிருந்து வேலைமுடிந்த பெண்கள் பஸ்களுக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். யாருக்குச் சுதந்திரம் என்று அவர்களைக் கேட்டாற் சொல்வார்கள்.

மாலையில் மாத்தறையைக் கடந்து தெவிநுவரையை அடைந்தோம். தமிழில் நாம் தேவேந்திரமுனை என்போம். இலங்கையின் தென்கோடி அது. 1344ஆம் ஆண்டு இங்கு வந்த இபுன் பதூதா, வணிகர் நிறைந்த பெருநகரென்றும், ஆயிரம் அந்தணரும் யோகியரும் வாழ்ந்த கோயிலென்றும் எழுதிவைத்தார். 1588இற் போர்த்துக்கேயர் அக்கோயிலைக் கொள்ளையிட்டுத் தீயிட்டனர். இன்று விஷ்ணு தேவாலயமும் பௌத்த விகாரையும் ஒரே வளவில் இருக்கின்றன. சிங்களப் பெண்கள் தாமரையுடன் விஷ்ணுவின் முன்னே நின்றனர். தெனாவரை நாயினார் இப்போதும் அவர்களுடைய தெய்வந்தான். பழைய கற்றூண்கள் சில புல்லிடையே நின்றன.

கடற்கரைக்கு நடந்தோம். 49 மீற்றர் உயரமான வெளிச்ச வீடு, 1890 முதல் கப்பல்களுக்கு வழிகாட்டுவது, எங்கள் பின்னால் நின்றது. எதிரே அந்தாட்டிக்கா வரை நிலமில்லை. அங்கே, நான் கேளாமலே, நண்பர் தம் தம்பியைப் பற்றிச் சொன்னார். பல்கலைக்கழக மாணவன். 1989இல் ஓரிரவு வந்து கூட்டிச் சென்றார்கள். "ஒரு கல்லிலும் அவன் பெயர் இல்லை" என்றார். எங்கள் பக்கத்திலும் அவ்வாறு பெயரில்லாமற் போன பிள்ளைகளை நான் படிப்பித்திருக்கிறேன். எத்தனை பேர் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இருவரும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

முதல்நாள் கேட்ட கேள்விக்கு எனக்கு மறுமொழி கிடைத்தது அங்கேதான்.

"அய்யா, அந்தக் கல்லில் உங்கள் மொழி இல்லை. ஆனால் என்னுடையதும் இல்லை" என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார்.

அக்கல்லிலுள்ள தமிழ், துறைமுகங்களில் உலவிய வணிகரின் தமிழ். கப்பற் சரக்குக்கும் கோயிற் காணிக்கைக்கும் கணக்கெழுதிய தமிழ். வன்னியில் ஏர் பிடித்தவனையும், தென்கரையில் வலை இழுத்தவனையும் நினைத்து அதை எவரும் வெட்டவில்லை. செங் ஹோ மூன்று தெய்வங்களுக்கும் சமமாகப் பொன் வைத்தது உண்மை. அதே செங் ஹோ 1411ஆம் ஆண்டளவில் இந்நாட்டின் ஆட்சியாளனாயிருந்த வீர அழகேசுவரனைப் போரிற் சிறைப்பிடித்துச் சீனத்துக்குக் கொண்டுபோனதும் உண்மை. கப்பல் நிறைய வந்த வீரர்களின் பலம் பின்னால் இருந்தமையாற் கல்லில் அவ்வளவு பெருந்தன்மையோடு பேச முடிந்தது. அந்தப் பெருந்தன்மையை நான் இகழவில்லை. 1956இல் நம்மை ஆண்டவர்களுக்கு அதிற் பாதியாவது இருந்திருந்தால் என் தந்தையார் தகரப் பெட்டியுடன் ஊர் திரும்பியிருக்கமாட்டார். ஆனால் ஆள்பவர்கள் கல்லிலே இடங்கொடுப்பதையும் இடம் மறுப்பதையும் பார்த்து, ஆளப்படும் இரு சனங்கள் ஒன்றன்மீதொன்று பொறாமைப்படுவது எவ்வளவு பேதைமை! என் தந்தையார் தமக்கெனப் பற்றிக்கொண்ட அந்தச் சிறு பெருமையை நான் குறைகூறமாட்டேன். வேறெதுவும் அவருக்கு விடப்படவில்லை. அதை வகுப்பறைக்குக் கொண்டுவந்து, கைதட்டலுக்காக விற்ற நானே பிழை செய்தேன்.

அன்றிரவு நண்பரின் வீட்டு விறாந்தையில் இருவரும் ஒரு தீர்மானத்துக்கு வந்தோம். இக்கல்லைப் பற்றிப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு ஒரு சிறு பாடம் எழுதுவது. சிங்களத்தில் அவர், தமிழில் நான். ஒரே தாளில் இரு மொழியும். இதை வாசிக்கும் ஆசிரியர்கள் தத்தம் ஊர்க் கற்களைப் பற்றி இவ்வாறு எழுதினால் நாங்கள் மகிழ்வோம். பெரிய கல்வெட்டே வேண்டுமென்பதில்லை. ஊர்க் குளத்தின் அணைக்கல் போதும்.

முதல் வசனத்திலேயே தகராறு வந்துவிட்டது. "இக்கல்லைச் செங் ஹோ காலியில் நாட்டினான்" என்று நான் எழுதினேன். "அவனா தூக்கினான்?" என்றார் நண்பர். என் வகுப்பில் எந்த மாணவனும் கேட்காத கேள்வி அது. நெடுநேரம் விவாதித்து, பலமுறை வெட்டித் திருத்தி, கடைசியில் இவ்வாறு அமைத்தோம்: "காலித் துறைமுகத்திற் கப்பலிலிருந்து இக்கல்லை இறக்கிச் சுமந்தவர்களின் பெயர் எந்த மொழியிலும் எழுதப்படவில்லை."

அதன் சிங்கள வசனத்தை நானே எழுதிப் பார்க்கிறேன் என்று தாளை வாங்கினேன். கை நடுங்கிற்று. எழுதி முடித்துக் கொடுத்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பழைய வழக்கப்படி சிவப்புப் பேனாவை எடுத்து, இரண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்தினார். பிறகு தாளின் ஓரத்திற் சரியென்று ஒரு கோடிட்டு, "மல்லி, பரீட்சையிற் சித்தி" என்றார்.

என் தந்தையாரின் கதை அவருக்குத் தெரியாது. அதுவரை நான் சொல்லியிருக்கவில்லை. அன்றிரவு சொன்னேன்.